பதினான்கு அடி விண்கலம்

ஜனவரி 9

இது வேலைக்கான நோட்டு. புதிய காட்சிக்கூடத்துக்கான குறிப்புகள் மட்டும் இதில் வரும். வீட்டு விஷயம் வராது.

இன்று காலை இயக்குநர் செண்பகராமன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாடியில் காலியாகக் கிடக்கும் கூடத்தில் ‘அண்டத்தில் நாம் தனியா?’ என்ற தலைப்பில் ஒரு காட்சி வரப் போகிறது. சுவர்களில் படமும் எழுத்தும். நடுவில் வேற்றுக் கிரகத்தாரின் விண்கலம், மாதிரி வடிவில். அதைச் செய்ய வேண்டியது நான். ஆகஸ்ட் பதினைந்தில் திறப்பு விழா.

“எப்படி இருக்கணும் சார்?” என்றேன்.

“அத நீங்கதான் சொல்லணும் ஜெசிந்தா மேடம். பாத்தவன் யாரு இருக்கான்?”

இந்த அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருஷமாக மாதிரிகள் செய்கிறேன். எரிமலை, ஆள் நுழைந்து வெளியே வரக்கூடிய இதயம், உப்பளம், நிலநடுக்க மேசை. எல்லாமே எங்கோ இருப்பவை. பார்த்து அளந்து சிறிதாக்குவேன், அல்லது பெரிதாக்குவேன். இல்லாத ஒன்றை அளக்கப் போவது இதுதான் முதல் தடவை.

கூடத்தை டேப் வைத்து அளந்தேன். பதினான்கு அடி நீளம், ஆறு அடி அகலம் வரை போகலாம். கம்பிகளில் தொங்கவிட வேண்டும். ஒரு பக்கத் தோலை மட்டும் போடாமல் விட்டால் உள்ளே இருப்பது தெரியும்.

ஜனவரி 10

படகு நாள். கிளமெண்ட் பேசினான். நன்றாக இருக்கிறான்.

ஜனவரி 13

வராது என்று எழுதிவிட்டு மறுநாளே எழுதியிருக்கிறேன். சரி, ஒரு தடவை விவரமாக எழுதிவிட்டால் பிறகு எழுத வேண்டியிருக்காது.

கிளமெண்ட் என் தம்பி. வயது முப்பத்தெட்டு. எனக்குப் பதினோரு வயது இளையவன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அதன்பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதெல்லாம் நான்தான். சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருக்கிறான். போன வருஷம் ஜூலையில் அவன் கப்பலை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்தார்கள். முதலாளி மேல் வழக்கு. முதலாளி ஆளையே காணோம். நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்தது. கப்பலில் இருந்த பதினேழு பேரையும் ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆனால் ஆளில்லாமல் கப்பலைக் கடலில் விடக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். யாராவது ஒருவர் ‘காப்பாளர்’ என்று கையெழுத்துப் போட்டு அதில் இருக்க வேண்டும். கப்பல் ஏலத்தில் விற்கும்வரை அவர் இறங்க முடியாது. அந்தக் கையெழுத்து கிளமெண்டுடையது. மற்ற பதினாறு பேரும் அக்டோபரில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டிசம்பரில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மாதத்தில் பத்து, இருபது, முப்பதாம் தேதிகளில் ஒரு படகு தண்ணீரும் சாப்பாட்டுச் சாமானும் கொண்டு போகிறது. அந்தப் படகுக்காரரே அவனுடைய பழைய போனுக்குச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கொடுத்துவிட்டு, தீர்ந்ததை வாங்கிப் போகிறார். ஒன்றரை மணி நேரம் தாங்கும். முதல் ஒரு மணி நேரம் அவன் மனைவி சீலிக்கு. மிச்சம் எனக்கு.

எழுதிவிட்டேன். இனி வேலை.

ஜனவரி 17

மூன்று நாளாகத் தாளில் கிறுக்கல்தான். கை தானாகப் பறக்கும் தட்டு வரைகிறது. விண்வெளியில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் வழுவழுப்பு எதற்கு, கூர்மூக்கு எதற்கு? மூட்டை முடிச்சு மாதிரிகூட இருக்கலாம். ஆனால் உள்ளே உண்டாகும் சூடு வெளியே போயாக வேண்டும். அதற்கு அகலமான இறக்கைகள் தேவை. பறப்பதற்கான இறக்கை இல்லை, வேர்த்து விடுவதற்கான இறக்கை. ஆறு வரைந்தேன். கொஞ்சம் உயிர் வந்தது.

ஜனவரி 20

“என்னக்கா செய்யுத?”

“விண்கலம் செய்யுதேன்லே.”

“யாருக்கு?”

“வேற கிரகத்துல இருந்து வாறவங்களுக்கு.”

சிரித்தான். நான் அவன் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதம் இருக்கும்.

“எஞ்சினப் பத்தி ரொம்ப யோசிக்காத. அது ஓடாமலும் கப்பல்ல ஆளு இருக்கலாம், நான் இருக்கம்லா. கழிவுத் தண்ணி எங்க போவுதுன்னு முதல்ல பாரு. குடிதண்ணி எங்க நிக்கிதுன்னு பாரு. வெளிய எட்டிப் பாக்க ஒரு ஜன்னல் வேணும். அப்புறம் ஆளு ரெண்டாவது இருக்கணும்க்கா. ஒருத்தன் தூங்குனா ஒருத்தன் முழிச்சிருக்கணும்.”

“நீ தூங்குதியாலே?”

“வரைஞ்சா எனக்கும் போட்டோ அனுப்பு” என்றான். அந்தப் போனில் படம் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும்.

ஜனவரி 27

வரைபடம் முடிந்தது. பக்கவாட்டில் வெட்டிய தோற்றம். முன்னால் தண்ணீர்த் தொட்டி, நடுவில் பயிர் அறை, பின்னால் இரண்டு படுக்கைகள் உள்ள அறை, ஜன்னல் ஒன்று. கழிவுத் தண்ணீர் சுற்றி வந்து பயிருக்குப் போகிறது. செண்பகராமன் சார் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

“தட்டு மாதிரி இல்லையே மேடம்?”

காற்றில்லாத கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினார். “புதுசா இருக்கு. ஜனங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்” என்று கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 10

பேசினான். கப்பலில் எலி பெருகிவிட்டதாம். பேச்சுத் துணைக்கு ஆச்சு என்றான்.

பிப்ரவரி 14

இரும்புச் சட்டம் வெல்டிங் ஆரம்பம். எப்போதும் போல மைதீன் பிச்சைதான். இதயத்துக்கும் எரிமலைக்கும் எலும்பு கட்டியவர் அவரே. முக்கால் அங்குலக் குழாயை வளைத்து ஒன்பது வளையங்கள். மாலைக்குள் நான்கு முடிந்தது. டீ குடிக்கும்போது வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், இது தரையில எறங்குமா?”

“எறங்காது பாய். மேலயே சுத்திக்கிட்டிருக்கும். எறங்கணும்னா உள்ள ஒரு சின்னக் கலம் இருக்கும், அதுல எறங்குவாங்க.”

“அந்தச் சின்னது எதுல இருக்கு?”

வரைபடத்தைப் பார்த்தேன். வரைய மறந்திருக்கிறேன். நீர்த்தொட்டியைக் கொஞ்சம் ஒதுக்கினால் இடம் வரும். நாளை பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 15

இடம் வரவில்லை. ஒதுக்கினால் எடை முன்னால் சாய்கிறது. சின்னக் கலம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 3

விடுப்பு. சீலியுடன் மனு கொடுக்கப் போனேன். இது ஐந்தாவது அலுவலகம். உள்ளே இருந்தவர் நல்ல மனிதர்தான். முழுவதையும் படித்தார். “அவரே விரும்பிக் கையெழுத்துப் போட்டிருக்கார்னு இருக்கேம்மா” என்றார். மனுவில் முத்திரை குத்தி எங்கள் பிரதியைக் கொடுத்தார்.

சீலி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். திரும்பி வரும்போது பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பையைத் திறந்து அந்தப் பிரதியை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

“மைனி, ஒண்ணு கேக்கட்டுமா? கேப்டன் போடல. எஞ்சினீயர் போடல. அவ்வளவு பேரு இருக்கையில அவுக மட்டும் எப்படிப் போட்டாவ? யாருகிட்டயும் கேக்காம போடுத ஆளு இல்லையே?”

அவசரத்தில் போட்டிருப்பான், எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சீலி என்னையே பார்த்தாள். பிறகு பேருந்து வந்தது.

மார்ச் 4

சட்டத்தின் மேல் கோழிவலை சுற்றி ஃபைபர் போட ஆரம்பித்தேன். ரெசின் பசையில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் கூடிவிட்டது. கலக்கக் கலக்க வாளியிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. குச்சி உள்ளேயே மாட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன்.

மார்ச் 5

ஹார்டனர் அளவு: ஒரு கிலோவுக்குப் பதினைந்து மில்லி. வெயில் நேரத்தில் பன்னிரண்டு. இனி அளந்துதான் ஊற்ற வேண்டும்.

மார்ச் 30

பக்கத்தில் நின்ற இன்னொரு கப்பலையும் இழுத்துப் போய்விட்டார்களாம். இதுவரை அதன் விளக்காவது தெரிந்தது என்றான். இப்போது சுற்றிலும் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12

முன்பாதி ஃபைபர் முடிந்தது. கையெல்லாம் அரிப்பு. கண்ணாடி நார் தோலுக்குள் போய்விட்டால் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். தேய்க்கும்போது ஒன்றும் நினைப்பதில்லை. அதற்காகவே தேவைக்கு மேல் தேய்க்கிறேன் போலிருக்கிறது. ஓர் இடத்தில் நார் வெளியே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 20

அங்கேயும் வெயில். இரும்பு கொதிக்கிறதாம். அறைக்குள் இருக்க முடியாமல் மேல்தளத்தில் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் கிடக்கிறான். எஞ்சின் அறைக்கு இறங்குவதை நிறுத்திவிட்டான். அங்கே கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

“தெனமும் லாக் புஸ்தகத்துல எழுதணும்க்கா. கோர்ட்டு உத்தரவு. ‘நங்கூரத்தில். எல்லாம் நலம்.’ இதோட நூத்தி எண்பத்தாறு தடவ எழுதிட்டேன்.”

“நலம் இல்லன்னு எழுதேம்லே.”

“எழுதுனா யாரு படிக்கா?”

பிறகு கேட்டான். “பயிர் வைக்கப் போறேன்னியே, என்ன பயிரு?”

நான் கீரை என்றேன். நாம் பார்த்திராத ஒரு ஊதாக் கீரை. பெயர் வைக்கவில்லை என்றேன்.

“நல்லாருக்கும்” என்றான்.

மே 10

ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே நீதிமன்றம் நியமித்திருக்கும் வக்கீல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். துருப்பிடித்த கப்பலை இழுத்துப் போகும் செலவுக்கே கட்டாது என்கிறார்களாம். அடுத்த ஏலம் நவம்பரில்.

கிளமெண்டுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. சீலியிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. வானிலை பற்றிப் பேசினான்.

மே 12

வக்கீலுக்கு எழுதினேன். அவனுக்குப் பதில் வேறொருவர் காப்பாளராகக் கையெழுத்துப் போடலாமா? நான் போடலாமா? எனக்கு நாற்பத்தொன்பது வயது, நோய் ஒன்றும் இல்லை, இருக்கச் சொன்ன இடத்தில் இருப்பேன்.

மே 14

பதில் வந்தது. கப்பல் அதிகாரிச் சான்றிதழ் உள்ளவர் மட்டுமே போடலாம். அப்படி ஒருவர் முன்வந்தால் கிளமெண்ட் அன்றைக்கே இறங்கலாம். இதுவரை யாரும் முன்வரவில்லை. உங்கள் சகோதர பாசத்தை மதிக்கிறோம்.

எவர் முன்வருவார்? நான் கப்பலில் கால் வைத்ததே இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

அக்டோபர் பதினேழு, காலை பதினொன்றேகால் மணி. அன்று அருங்காட்சியகத்துக்கு ஆய்வுக்குழு வந்திருந்தது. நிலநடுக்க மேசை ஆடவில்லை. நான் அதன் கீழே படுத்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கிளமெண்ட் அழைத்தான். “அக்கா, ஒரு காயிதத்தக் கொண்டாந்து நீட்டுதாங்க. என்ன பாசைன்னே தெரியல. கேப்டன் போடமாட்டேன்னுட்டாரு. ஒருத்தர் போட்டாத்தான் மத்தவங்கள விடுவாங்களாம். ரெண்டு வாரத்துல மாத்து ஆளு வரும்ங்காங்க. போடட்டுமா?” என் வாயில் திருப்புளி இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னேன். “போடுலே. எல்லாரும் வீட்டுக்குப் போவட்டும். ரெண்டு வாரந்தான. எனக்கு இங்க தல போற வேல இருக்கு, வையி.”

வைத்தான். மேசை ஆடியது. ஆய்வுக்குழு பாராட்டியது.

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் செய்துவிடுவான். ஊசி போட்டுக்கொள் என்றால் கையை நீட்டுவான்.

ஜூன் 8

உள்ளறை வேலை. படுக்கைகள் இரண்டும் தயார். நம்மைப் போலக் கால் நீட்டிப் படுப்பவர்கள்தானா என்று யோசித்துப் பள்ளமான கிண்ணம் போலச் செய்தேன், சுருண்டு படுக்க. பயிர் அறையில் ஊதாக் கீரை, அறுநூறு இலைகள், ஒவ்வொன்றும் வெட்டி ஒட்டியது. இன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அது உறைத்தது.

ஜூன் 19

வண்ணம். வெளிப்புறம் சாம்பலும் காவியும் கலந்து, நெடுந்தூரம் வந்ததன் தடம் தெரிய வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் கல்லடி பட்டது போல. மைதீன் பாய் தொங்கவிட்டுப் பார்த்தார். கயிற்றைக் கட்டிவிட்டுத் தள்ளிப் போய் அண்ணாந்து நின்றார். “இதுல யாரோ இருக்காங்க மேடம்” என்றார்.

ஜூன் 30

“படகு வந்தா நான் கீழ போயிருதேன்க்கா.”

“ஏம்லே?”

“ஒளிஞ்சிக்கிடுதேன். அவரு கூப்புடுவாரு. சாமானக் கயித்துல கட்டி மேல ஏத்தி வச்சிட்டு, பேட்டரிய டப்பாவுல போட்டுட்டுப் போயிருவாரு. அவரு போன பெறகு மேல வாறேன்.”

“மனுசங்க மொகத்தப் பாக்குதது நல்லதுதானலே. நாலு வார்த்த பேசலாம்.”

“பாத்தா, அவரு திரும்பிப் போறதையும் பாக்கணும்லா.”



ஜூலை 11

செண்பகராமன் சார் கூப்பிட்டார். மேசையில் பழரசம் இருந்தது. கெட்ட செய்தி என்று அப்போதே தெரிந்தது.

நேற்று நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் வந்து கூடத்தைப் பார்த்திருக்கிறார்.

“பழைய குடோன் மாதிரி இருக்குன்னுட்டாரு மேடம். புள்ளைங்க பயப்படும்ங்காரு. அவரு பேரன் வரைஞ்ச படத்தக் காட்டினாரு. தட்டு. சுத்திலும் லைட்டு. நடுவுல பச்சைக் கலர்ல ஒரு ஆளு கைய ஆட்டுதான்.”

“நீங்க கையெழுத்துப் போட்டுத் தந்தீங்க சார்.”

“போட்டேன். அவரு போடச் சொன்னா நான் எதுல வேணாலும் போடணும். அஞ்சு வாரம் இருக்கு. முடியுமா?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலையை விடுகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்குள் சண்டை போடும் இடம் எதுவோ அது காலியாக இருந்தது. முடியும் என்றேன்.

ஜூலை 13

மைதீன் பாய் கட்டிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நீங்க வெளிய போயிட்டு வாங்க மேடம். நான் பாத்துக்கிடுதேன்.” நான் போகவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். முதலில் இறக்கைகள் ஆறும். பிறகு தொட்டி. படுக்கையறையை முழுசாகக் கழற்ற முடியுமா என்று பார்த்தோம். ஃபைபரோடு ஒட்டிப்போயிருந்தது, இழுத்தபோது இரண்டாகப் பிளந்தது. கீரை இலைகள் பொறி பட்டுக் கருகின. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

கட்டுவதற்கு ஐந்து மாதம்.

பழைய இரும்பு வாங்குபவர் வந்து இரும்பை எடுத்துக்கொண்டார். ஃபைபரை வேண்டாம் என்றார். அதை நகராட்சி வண்டியில் ஏற்றினோம்.

ஜூலை 20

“கலம் எப்படி இருக்குக்கா?”

“நல்லா வந்துருக்கு.”

“ரெண்டு பேருக்கும் எடம் விட்டியா?”

“விட்டுருக்கேன்.”

வேறு எதுவும் கேட்கவில்லை. மிச்ச நேரமெல்லாம் நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 6

தட்டின் விட்டம் பன்னிரண்டு அடி. வெள்ளிப் பெயின்ட் இரண்டு கோட். விளிம்பில் நாற்பத்தெட்டு எல்.இ.டி. பச்சை ஆளின் கையை ஆட்ட, கார் வைப்பர் மோட்டார் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

திறப்பு விழா. நல்ல கூட்டம். பச்சை ஆள் கையை ஆட்டினான், குழந்தைகள் திரும்ப ஆட்டினார்கள். எல்லாரும் அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள். அறக்கட்டளைத் தலைவர் எனக்குச் சால்வை போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. கை தட்டும்போது நானும் தட்டினேன்.

சீலி வரவில்லை.

ஆகஸ்ட் 18

அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மணப்பாட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். போகிறேன், அவ்வளவுதான் என்றாள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“சீலி, கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான்.”

அவள் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள். ஓரம் சரியாகச் சேரவில்லை என்று உதறி மறுபடியும் மடித்தாள்.

“தெரியும் மைனி.”

“எப்ப?”

“நவம்பர்லயே சொல்லிட்டாவ. சொல்லிட்டு, அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுராத, அவ தாங்கமாட்டான்னு சத்தியம் வாங்கிக்கிட்டாவ.”

அடுத்த சேலையை எடுத்து உதறினாள்.

“மார்ச்சுல பஸ் ஸ்டாண்டுல கேட்டேன்லா. சத்தியத்த மீறித்தான் கேட்டேன். நீங்களாச் சொல்லிருவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அந்த பெஞ்சுலயே உக்காந்து அழுதுருக்கலாம். அஞ்சு மாசம் நீங்க ஒரு வீட்டுல, நான் ஒரு வீட்டுல.”

“என்னயத் திட்டு சீலி.”

“வரமாட்டேங்கு மைனி. அப்ப இருந்துச்சு. இப்ப திட்டவும் வரல, அழவும் வரல.”

பெட்டியை மூடினாள். ஜிப் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. நான் பெட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவள் இழுத்து மூடினாள். ஆட்டோவில் நான்தான் ஏற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

எனக்கு அழைப்பு இல்லை. பேட்டரி முழுவதும் சீலியிடம் பேசியிருப்பான். அல்லது அவளிடமும் பேசவில்லை. எனக்குத் தெரியாது. அவளைக் கூப்பிட்டுக் கேட்க முடியவில்லை.

ஆகஸ்ட் 30

பேசினான். குரல் கரகரப்பாக இருந்தது. பத்து நாளாக வாய் திறக்கவில்லை என்றால் அப்படித்தான் வரும் என்றான்.

திறப்பு விழா எப்படி இருந்தது என்று கேட்டான். கலத்தை வெட்டிப் போட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டேன். தட்டு, லைட்டு, கை ஆட்டும் பொம்மை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

“அந்தக் கீரையும் போச்சா?”

“போச்சுலே.”

அதோடு மற்றதையும் சொல்லிவிட்டேன்.

“கிளமெண்ட், அன்னைக்கு நாந்தான் உன்னய கையெழுத்துப் போடச் சொன்னேன்.”

இத்தனை மாதத்தில் இதை அவனிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. ‘அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா’ என்பான் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பது, அவன் அப்படிச் சொல்லாதபோதுதான் எனக்கே தெரிந்தது.

“ஆமாக்கா” என்றான். “நீதான் சொன்ன.”

கோபமாகச் சொல்லவில்லை. என்ன கிழமை என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னான். மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உடனே மன்னித்துவிடுவான். அதையும் நான் சொல்லித்தான் செய்ததாக இருக்கும்.

“பேட்டரி பாதி இருக்கு” என்றான். “பேசத்தான் ஒண்ணுமில்ல. வைக்கட்டுமா?”

வைத்துவிட்டான்.

செப்டம்பர் 10

படகு நாள். அழைப்பு இல்லை.

செப்டம்பர் 11

வக்கீலுக்கு எழுதினேன். படகுக்காரரை விசாரித்துப் பதில் போட்டிருக்கிறார். ஆளைப் பார்க்கவில்லை, ஆனால் போன தடவை வைத்த சாமானும் தண்ணீரும் எடுக்கப்பட்டிருந்தன. டப்பாவில் தீர்ந்த பேட்டரி இருந்தது. அதனால் இருக்கிறார்.

சீலிக்கு இதை அப்படியே அனுப்பினேன். ‘சரி மைனி’ என்று பதில் வந்தது.

தட்டில் மூன்று விளக்குகள் எரியவில்லை. மாற்றினேன்.

செப்டம்பர் 20

இல்லை. நான் நான்கு தடவை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 24

வைப்பர் மோட்டார் சூடாகிக் கை நின்றுவிட்டது. பார்வையாளர் புகார் எழுதியிருக்கிறார்கள். புதிய மோட்டார் மாட்டியாகிவிட்டது.

சான்றிதழ் உள்ள கப்பல் அதிகாரிகள் யாராவது போவார்களா என்று விளம்பரம் மாதிரி ஒன்று எழுதி, மாலுமிகள் தங்கும் விடுதிப் பலகைகளில் ஒட்டிவிட்டு வந்தேன். இரண்டு பேர் நின்று படித்தார்கள். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் 30

மதியம் இரண்டு மணிக்கு அழைத்தேன். ஏழாவது தடவையில் எடுத்தான்.

“கிளமெண்ட்” என்றேன்.

பேசவில்லை. மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் இரும்பில் தண்ணீர் மோதும் சத்தம். எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் போய்ச் சாத்தவில்லை.

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, நவம்பரில் ஏலம் வருது, சீலி நல்லா இருக்கா. இப்படி எத்தனையோ வாய்க்கு வந்தன. ஒன்றும் சொல்லவில்லை. பணிமனைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். மைதீன் பாய் வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஒரு மணி இருபத்தாறு நிமிடம். பிறகு பேட்டரி தீர்ந்துவிட்டது.